பேர் சொல்லும் நேரம்

நவம்பர் 5, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. என் மெஸ்ஸுக்குப் பாதிப் பையன்கள்கூட வரவில்லை. பொத்தேரியில் மழை பெய்தால் காலேஜ் பிள்ளைகளுக்குப் பசி போய்த் தூக்கம் வந்துவிடும். இட்லி மிச்சம். சாம்பாரும் மிச்சம்.

அதையே கேரியரில் கட்டிக்கொண்டு மதியம் சதுரங்கப்பட்டினம். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் சபைக்கு ஒரு சின்ன வீடு, எப்போதோ தியான முகாமுக்கென்று வாங்கியது. மூன்று வாரமாக அங்கே கோகிலாவும் சதீஷும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை, ஒரே கம்பெனி பஸ். அவள் ஊர்த்தெருப் பெண், அவன் காலனிப் பையன். தாலி கட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார்கள். அவள் அண்ணன் ஆள் வைத்துத் தேடுகிறான். ஸ்டேஷனில் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். பாதுகாப்புக் கேட்டு வக்கீல் மனுப் போட்டிருக்கிறார், அடுத்த வியாழன் கோர்ட்டில் வருகிறது. அதுவரை இடம் வெளியே தெரியக்கூடாது. இரண்டு பேர் போனும் ஆஃப்.

கொண்டுபோனது: அரிசி, கொசுவத்தி, நாப்கின், அவனுக்கு பிளேடு, பழைய பத்திரிகைகள். குடை கேட்டிருந்தாள், மறந்துவிட்டேன்.

சாம்பாரை வாயில் வைத்ததும், "இன்னா அங்கிள், பருப்பையே காணம்" என்றாள். அடைக்கலம் புகுந்த இடத்தில் சாம்பாருக்குக் குறை சொல்கிறவளை எனக்குப் பிடித்துவிட்டது. சதீஷ்தான் பாவம், நெளிந்தான்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். சாயங்காலம் சபைக் கமிட்டி. டீயும் மசால்வடையும் என் செலவு, வழக்கம்போல.

பேசியவை: ஞாயிறு மாலை அமைதி ஊர்வலம், கொளவாய் ஏரிக்கரை வரை (போலீஸ் அனுமதி ஒருவழியாகக் கிடைத்தது). மைக் செட். ஒழுகும் குழாய். கடைசியில் "அந்த விஷயம்."

பொருளாளர் சுற்றி வளைத்துவிட்டு, அவங்க நம்ம ஜனமே இல்லையே பாஸ்டர் என்றார். பாஸ்டர் என்றால் என் மனைவி ரூத். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அது நல்ல சகுனமில்லை.

"அடி வாங்கப் போறவங்ககிட்ட ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேக்கணுமா?"

பொருளாளர் குழாய்ப் பேச்சுக்குத் திரும்பினார். குழாயை மாற்ற ஒப்புதல்.

வேறு சபைகளில் ஆயரம்மா என்றால் ஆயருடைய பெண்டாட்டி. இங்கே ஆயரம்மாவே ஆயர். அப்போது நான் யார் என்று சபைக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மெஸ்காரர் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு மாதிரி அவள் பேசும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஆராதனையில் பேர் சொல்லும் நேரம். ரூத் இங்கே வந்ததும் கொண்டுவந்த வழக்கம். 'பாதிக்கப்பட்டோர்' என்று பொதுவாக ஜெபித்தால் அது நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி என்பாள். யாரும் எழுந்து ஒரு பேரும் ஊரும் சொல்லலாம், சபை அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லும். மலக்குழியில் செத்தவர், கடலில் பிடிபட்டவர், பட்டா கேட்டு அலைகிற இருளர் பெண்கள். எனக்குப் பெரிய விசுவாசமெல்லாம் கிடையாது. அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் உண்டு.

இன்று சுகந்தி எழுந்தாள். தையல் கடைக்காரி, கோகிலாவுக்கு இரண்டு நைட்டி தைத்துக் கொடுத்தவள். கண்ணெல்லாம் தண்ணீர். "சதுரங்கப்பட்டினத்துல நம்ம சபை வூட்ல கீற கோகிலா, சதீஷ்" என்றாள்.

கோகிலா, சதீஷ் என்று சபை சொன்னது. நானும் சொன்னேன். வாய்க்குப் பழகிவிட்டது.

பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் போன், லைவ் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்தில் ஆரம்பித்தது, நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டிலிருந்து பார்க்க. சாப்பிடும்போதுதான் ரூத்துக்கு உறைத்தது. பாதிச் சோற்றில் எழுந்துபோய் வீடியோவை அழிக்கச் சொன்னாள். பத்துப் பதினைந்து பேர்தான் பார்த்திருக்கிறார்கள், எல்லாரும் நம்மாட்கள் என்றார் பொருளாளர்.

இப்போதே போய்க் கூட்டிவருகிறேன் என்றேன். ஆனால் சபை வேனில் மைக் செட் ஏறியாகிவிட்டது. ஊர்வலத்துக்கு வயசானவர்களை ஏற்றி வரவும் அதே வேன். பைக்கில் மூன்று பேர் எப்படி? ஒரு ராத்திரிதானே, காலையில் முதல் வேலையாகப் போகலாம் என்று முடிவு. எல்லாரும் தலையாட்டினோம்.

ஊர்வலம் நன்றாகவே நடந்தது. காற்றே இல்லை, மெழுகுவர்த்தி ஒன்றும் அணையவில்லை. டி.எஸ்.பி. ஆபீசிலிருந்து வந்தவர்கூட டீ குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 10, திங்கள்

போனேன். வாசலில் இரண்டு கார், ஒரு போலீஸ் ஜீப்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உள்ளே கோகிலாவின் அம்மா பாயில் உட்கார்ந்து மகள் துணிகளை மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார், சுகந்தி தைத்த நைட்டி உட்பட. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். முப்பது வயதிருக்கும், சட்டை கசங்காத ஆள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். யாரோ லைவைத் துண்டாக வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். சுகந்தி முகம், பின்னால் எங்கள் குரல்.

"உங்க ஜெபந்தான், பெரிசு, அட்ரஸ் குட்த்துது" என்றான். கேலி செய்கிற மாதிரிகூட இல்லை.

சதீஷை ஜீப்பில் உட்காரவைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காம். கோகிலா என்னைத் தாண்டும்போது தலை நிமிராமல் சொன்னாள். "நான் போவலன்னா நகய திருடினான்னு அவரு மேல கேஸாம் அங்கிள்." காரில் ஏறினாள். அம்மா பக்கத்தில் ஏறினார். கதவு சாத்தியாயிற்று.

எஸ்.ஐ. என் தோளில் கை வைத்து, எல்லாம் அமைதியா முடிஞ்சிடுச்சு, நீங்க பெருசு பண்ணாதீங்க என்றார். அமைதி. நேற்று எங்கள் ஊர்வலத்துக்கும் அதே பேர்தான். கையில் கேரியர். இன்றைக்குச் சாம்பாரில் பருப்பு அள்ளிப் போட்டிருந்தேன். கொண்டுபோய்க் கோட்டைச் சுவரோரம் நாய்களுக்கு ஊற்றினேன்.

நவம்பர் 12, புதன்

மழை. ஸ்டேஷனிலிருந்து விட்டுவிட்டார்கள், சதீஷ் எங்கள் வீட்டில். ஹாலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சாப்பிடச் சொன்னால், அப்றம் அங்கிள் என்கிறான். அந்த அப்றம் வருவதில்லை.

சுகந்தி வந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து, என் நாக்க அறுத்துப் போடணும் பாஸ்டர் என்று அழுதாள். ரூத் காபி கொடுத்தாள். முதுகைத் தடவினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிறவள்.

எரிவாயு சிலிண்டர் புக் செய்ய வேண்டும். வெங்காயம் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

கோர்ட். என் விருப்பப்படிதான் அம்மா வீட்டில் இருக்கிறேன் என்று கோகிலா சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். மனு முடிந்தது. வெளியே வரும்போது அவள் நாலு பேருக்கு நடுவில் நடந்தாள். சதீஷ் பேர் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை.

அமைதி, நீதி என்று இத்தனை வருடம் மேடை போட்டோம். எத்தனை கருத்தரங்கு, எத்தனை பேனர். ஒரு பெண்ணை ஒளித்துவைக்கத் துப்பில்லை. வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய வார்த்தை தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில், பல நாளுக்குப் பிறகு.

காலையில் சதீஷ் குளித்துவிட்டு வந்து நின்றான். "அவ பேர சொல்லுங்க மேடம். ஊரே கேக்கட்டும். இன்னும் மறைக்க இன்னா கீது?" ரூத் என்னைப் பார்த்தாள். எனக்கும் சரியென்றுதான் பட்டது. பயந்து பயந்துதானே இப்படி ஆயிற்று.

லைவைத் தெரிந்தே போட்டோம். எல்லாருக்கும் லிங்க் அனுப்பிவிட்டே போட்டோம். சதீஷ் எழுந்து கோகிலா என்றான். சபை சொன்னது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. சுகந்தி குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பேர் சேர்ந்து சொல்கிற பேரை யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் எங்கெங்கிருந்தோ போன். மதுரையிலிருந்து, வேலூரிலிருந்து. தைரியமான சபை என்றார்கள். சதீஷ் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். ரூத் லேசாகச் சிரித்தாள். நானும் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மேகமூட்டம். தக்காளி விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ரசத்துக்குப் புளியை ஏற்றிவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். கோகிலா. பக்கத்து வீட்டு அக்கா போனாம். பாத்ரூமிலிருந்து பேசினாள், குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம அண்ணன் உங்க சர்ச்ச டிவில போட்டு எல்லாரையும் உக்கார வச்சாரு அங்கிள். நீங்க என் பேர ஒவ்வொரு தபா சொல்றப்பவும் என் கன்னத்துல ஒண்ணு வுட்டாரு."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"சொம்மா வுட்டுடுங்க அங்கிள். என் பேரு வேணாம். அவருகிட்ட இத சொல்லாதீங்க, அவரு இங்க வந்துட்டார்னா முடிஞ்சிது." வைத்துவிட்டாள்.

மூன்று முறை சொன்னோம். நான் உரக்கச் சொன்னேன்.

ரூத் அடுத்த அறையில் போனில். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர் வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கோகிலா பேரைச் சொல்லப் போகின்றனவாம், பத்துச் சபை இதுவரை ஒத்துக்கொண்டாயிற்றாம். சதீஷ் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் யார் யாரைக் கூப்பிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போனில் யாரு என்று ரூத் வந்து கேட்டாள். ராங் நம்பர் என்றேன். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கு என்று சதீஷ் கேட்டான். வெங்காயம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூத்திடம் சொல்லியாக வேண்டும், இந்தப் பையன் காதில் விழாமல்.