பதிலுக்கு இடம் விட்டுப் பேசிய அத்தாவுக்கு

என் அன்பு அத்தா, உங்கள் மேல் ஸலாம் உண்டாகட்டும்.

நான் இப்போது டீச்சர். முழு டீச்சர் இல்லை, பாதி டீச்சர். ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். காலையில் தேவகோட்டையில் பஸ் ஏறி, காரைக்குடியில் ஒரு நர்சரிப் பள்ளிக்குப் போய், யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகுகிறேன். சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் என்னைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியுமா? சவூதி தம்மாமிலிருந்து நீங்கள் கடைசியாக விடுமுறைக்கு வந்தபோது நான் பாவாடை சட்டையில் இருந்தேன்.

அம்மா நன்றாக இருக்கிறார்கள். இதை நான் முன்பு சொல்லியிருந்தால் பொய். இப்போது உண்மை. அது எப்படி என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில், பூப்போட்ட துணி மூடி, மாப்பிள்ளை மாதிரி வீற்றிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் தொடலாம். சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடியில் மூக்குத் தடம் இல்லாத நாளே கிடையாது.

அதை வைத்து ஒரு பாடம் நடத்துகிறேன் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். பல நாள் கேட்ட பிறகு தலையாட்டினார்கள். எங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து லூர்து மேரி மேடம் அன்றைக்கு வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் சரி என்றால்தான் எனக்குத் தேர்ச்சி.

பாடம், நிறங்கள். சி.டி.யைப் போட்டால் திரையில் ஒரு கிளி வரும். சிவப்பு எது என்று ஆங்கிலத்தில் கேட்கும். மவுஸை நகர்த்திச் சரியான பந்தை அமுக்கினால் சிறகைத் தட்டும். தப்பானதை அமுக்கினால் 'ப்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். பிள்ளையைக் கேள்வி கேட்டு, அதன் பதிலுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் கருவி! இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் வந்தவன் மவுஸைக் காதில் வைத்து "அலோ" என்றான். அடுத்து மீனாள் வந்தாள். கண்டனூரிலிருந்து வேனில் வரும் ரெட்டைச் சடைக்காரி. அவள் தப்பான பந்தை அமுக்கினாள். அந்தச் சத்தம் கேட்டதும் வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அதோடு முடிந்தது அத்தா. பிறகு வந்த ஒரு பிள்ளையும் சரியான பந்தைத் தொடவில்லை. எல்லாருக்கும் அந்த 'ப்ர்ர்ர்'தான் வேண்டும். ஒரு பிள்ளை அமுக்க, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் தள்ள, கடைசியில் நின்ற இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

மேடம் திட்டவில்லை. வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்கள். "கிளி கேள்வி கேட்டுச்சு, சரி. ஒரு புள்ளையாச்சும் வாயத் தெறந்து பேசுச்சா ரஹ்மத்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அடுத்த வாரம் வாரேன். எண்கள் எடு. எந்த மெஷினு வேணும்னாலும் வச்சுக்க. ஆனா எல்லாப் புள்ளையும் பேசணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அப்படி அழும்போதுதான் உங்கள் கேசட்டுகள் நினைவுக்கு வந்தன.

நீங்கள் தம்மாமிலிருந்து பேசி அனுப்பியவை. மற்ற வீடுகளுக்கு வரும் கேசட்டுகளில் அத்தாமார்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். இன்னாருக்கு ஸலாம், இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும் என்று பட்டியல் ஓடும். நீங்கள் மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பீர்கள். டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் அறையின் காற்றாடிச் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் நான் பதில் சொல்ல வேண்டும். "ஒண்ணு" என்பீர்கள், நிறுத்துவீர்கள். நான் "ரெண்டு" என்பேன். "மூணு" என்பீர்கள். நான் எண்ணப் படித்தது அப்படித்தான். நாலு வயதில், நீங்கள் இந்த வீட்டில் இல்லை என்பதே எனக்குச் சரியாக உறைத்ததில்லை.

அந்தக் கேசட்டுகளை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். நீங்கள் அங்கேயே மவுத்தாகி அடக்கமான செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் குரல் கேட்கவில்லை. நான் போய்க் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வேணாம் ரகுமத்து. நாடா சிக்கி அந்துருச்சுன்னா நான் அவுகள எங்குட்டுப் போய்த் தேட? அடக்குன மண்ணும் அங்குட்டு இருக்கு. இங்குட்டு எனக்குன்னு இது ஒண்ணுதான இருக்கு."

நான் வற்புறுத்தவில்லை. சோறு போட்டுக்கொண்டே அம்மாதான் மறுபடி பேச்சை எடுத்தார்கள்.

"அவுக பேசுனா அந்தப் புள்ளைக சிரிக்குமா?"

"சிரிக்கும்மா. பதிலும் சொல்லும்."

"காப்பி எடுத்துக்க. நானும் கூட வாரேன். கேசட்டு என் கையிலதான் இருக்கும்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் வேகமாக ஓட்டிச் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்றார். வேகத்தில் உங்கள் குரல் கீச்சென்று கேட்டது. அம்மா பதறி எழுந்து, "மெதுவாவே ஓடட்டும்யா, எங்களுக்கு அவசரமில்ல" என்றார்கள். அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அங்கே உட்கார்ந்து முழுவதையும் கேட்டோம். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யார் கூடச் சண்டை போட்டாய் என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பிறகு, "அம்மா நல்லா இருக்காளா?" என்று கேட்டு நிறுத்தினீர்கள். சின்ன வயதில் அந்த இடத்தில் நான் என்ன சொன்னேனோ தெரியவில்லை. அன்றைக்கு, தெருவில் லாரி போகும் சத்தத்துக்கு நடுவே, அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல, "இருக்கேன்" என்றார்கள். கடைக்காரர் பெட்டியைப் பார்த்தபடியே குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் நம் வீட்டு டூ-இன்-ஒன் டேப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்ணாடி அறை வேண்டாம், செருப்பு கழற்ற வேண்டாம். வகுப்பில் பாயை விரித்து நடுவில் பெட்டியை வைத்தேன். மேடம் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பட்டனை அமுக்கினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஏம்மா, அத்தா பேசுறேன். இன்னைக்கு என்ன சாப்ட்டே?"

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மூலையிலிருந்து "இட்லி" என்று வந்தது. உடனே "தோசை", "பூஸ்ட்டு", "நான் சாப்புடல" என்று எல்லா மூலையிலிருந்தும்.

"அப்படியா! மிச்சம் வைக்காமச் சாப்ட்டியா?" என்றீர்கள்.

அவ்வளவுதான் அத்தா. பெட்டிக்குள் இருக்கும் மாமாவுக்குத் தாங்கள் சொன்னது கேட்டுவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. யார் கூடச் சண்டை என்று கேட்டதும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். நீங்கள் "ஒண்ணு" என்றதும் வகுப்பு முழுவதும் "ரெண்டு" என்று கூரை அதிரக் கத்தியது. வாயே திறக்காத பிள்ளைகள் வாய் திறந்தார்கள். பாதி எண்ணிக்கையில் மீனாள் எழுந்து வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் டேப்பை நிறுத்தினேன்.

"அந்த மாமா எங்குட்டு இருக்காக டீச்சர்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அவுக எங்க அத்தா. வெளிநாட்டுல இருந்து பேசுனாக. இப்ப இறந்து போயிட்டாக."

"அப்ப நாங்க சொன்னது அவுகளுக்குக் கேக்கலையா?"

"கேக்கலம்மா."

பாடத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மீனாள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க அப்பச்சி மலேசியால இருக்காக. நான் பேசுனா அவுகளுக்குக் கேக்குமா?"

"பேசி அனுப்புனாக் கேக்கும்."

மேடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் அப்பாவுக்கென்று ஒரு புதுக் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பட்டனை எப்படி அமுக்குவது என்று அவளுக்குக் காட்டினேன். அவளே அமுக்கினாள். வாயைப் பெட்டியோடு ஒட்டி வைத்து, "அப்பச்சி, இன்னைக்கு என்ன சாப்ட்டீக?" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றாள். பக்கத்துப் பையன் ஏதோ சொல்ல வர, "சும்மா இருடா, அவுக சொல்லணும்ல" என்று அதட்டினாள். டேப் சுற்றியது. மறுபடி குனிந்து, "அப்படியா! மிச்சம் வைக்காமச் சாப்ட்டீகளா?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் பாயிலிருந்து எல்லாரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

மணி அடித்ததும் மேடம் என்னிடம் வந்தார்கள். "எண்கள் பாதியிலயே நின்னு போச்சே, கவனிச்சியா?"

"கவனிச்சேன் மேடம்."

"நாளைக்கு முடி. இந்த வகுப்புல புள்ளைக கேள்வி கேட்டு நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

தேர்ச்சி என்று எழுதிவிட்டுப் போனார்கள் அத்தா.

தலைமையாசிரியை கண்ணாடி அறையையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் சார் ஒரு மைக்கை மாட்டி, நிறப் பாடத்தைப் பிள்ளைகளை வைத்தே புதிதாகச் செய்து கொடுத்தார். இப்போது அதில் கிளி இல்லை. பிள்ளைகள் வரைந்த பந்துகள் வருகின்றன. "செவப்பு எது?" என்று மீனாள் குரல் கேட்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள் கத்திச் சொல்ல, ஒருவர் அமுக்குகிறார். தப்பானால் வரும் 'ப்ர்ர்ர்' சத்தத்தைப் பிள்ளைகளே வாயால் எழுப்பிப் பதிவு செய்தார்கள். மலேசியாவுக்குப் போன கேசட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. மீனாள் தினமும் கேட்கிறாள்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் சமையல் முடிந்ததும் உங்களைப் போட்டுக் கேட்கிறார்கள். பூட்டு எடுத்தாகிவிட்டது. எனக்கு நீங்கள் கேட்ட கேள்விகளுக்கும் அம்மாவே பதில் சொல்கிறார்கள். சில நேரம் உங்களோடு சண்டையும் போடுகிறார்கள்.

அல்லாஹ் உங்கள் மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக. இந்தப் படிப்பு முடிந்து எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும், கையில் எந்தக் கருவி இருந்தாலும், நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அத்தா. என் வகுப்பில் எவ்வளவு மெதுவான பிள்ளை இருந்தாலும், அது தன் பதிலைச் சொல்லி முடிக்கும்வரை நான் அடுத்த கேள்விக்குப் போக மாட்டேன்.

உங்கள் மகள்,
ரஹ்மத்