குளிமுறியில் விழுந்தவனுக்கு ஜெபம்

கரமனை,
திருவனந்தபுரம்

அம்மாவுக்கு மகன் மகாராஜா வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் மருமகள் பூமாரியும் ஷிஜாவும் நலம். போனில் சொன்னால் அழுவாய் என்பதால் எழுதுகிறேன்.

ஷிஜா படிக்கும் சிஸ்டர்மார் பள்ளியில் கட்டட வேலை செய்கிறேன் அல்லவா, அங்கே சாரம் சரிந்து விழுந்துவிட்டேன். கால் எலும்பில் விரிசல்தான், பயப்படாதே. "குளிமுறியில வழுக்கி வீணதுன்னு சொல்லுடா. கேஸ் ஆனா எல்லாருக்கும் பணி போகும்" என்றான் காண்டிராக்டர். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல நானும் தலையாட்டிவிட்டு, மகளையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அவளோ வகுப்பு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள்.

அந்தப் பள்ளியில் திங்கட்கிழமை தோறும் பிள்ளைகள் வீட்டுச் செய்தி சொல்வார்கள். எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். ஷிஜா எழுந்து சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னாள். நான் விழுந்தபோது பக்கத்தில் நின்ற தலைமை சிஸ்டர், குளிமுறியில் விழுந்த தகப்பனுக்காகப் பள்ளி முழுவதையும் கண்மூடி ஜெபிக்க வைத்தார்.

"சிஸ்டரும் பாத்தாங்கல்லாப்பா, பின்னே எதுக்கு அப்படி?" என்று மகள் கேட்கிறாள். 

காண்டிராக்டருக்குப் பயந்து, கூட வேலை செய்கிறவன் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் காலுக்குத் தடவ எண்ணெய் கொடுத்துவிடு. வரும் திங்கட்கிழமை ஜெபத்துக்கு நானே கட்டையை ஊன்றிக்கொண்டு போய், பிள்ளைகள் முன்னால் என் வீட்டுச் செய்தியைச் சொல்லப் போகிறேன். பூமாரிக்கும் சம்மதம்தான். நம்மூர்ப் பள்ளியில் நடுவருஷத்தில் ஷிஜாவைச் சேர்த்துக்கொள்வார்களா என்று இப்போதே விசாரித்து வை.

மகாராஜா