என் பெயருக்கு நேரே இருந்த கட்டம்

நார்டால், வட டகோட்டா
1991 ஜூலை 18

அன்பு மகள் கேரினுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், சியாட்டிலில் நீயும் டேவிடும் அதேபோல் இருக்கவேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. ரொம்ப இளைத்திருக்கிறாய், காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடுகிறாய் என்று நினைக்கிறேன், அது கூடாது. இங்கே இரண்டு தரம் நல்ல மழை பெய்தது, கோதுமை பரவாயில்லை. அப்பாவுக்கு முதுகு தேவலை, ஆனால் டிராக்டரை விட்டு இறங்கும்போது முகம் சுளிப்பதை என்னிடம் மறைக்கப் பார்க்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் இருப்பது சமையலறையில், நீ கூப்பிடும் நேரத்தில் அப்பா இருப்பதும் அங்கேதான், அவருக்கு இன்னும் தெரியாத ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டியிருக்கிறது.

பள்ளி வாரியத் தேர்தலில் நான் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது உனக்குத் தெரியும். எனக்கு நூற்று எண்பத்தாறு, எதிரே நின்ற வெர்லினுக்கு நூற்று எண்பத்தேழு, மறுபடி எண்ணியும் அதேதான். அதற்குப் பின் நடந்ததை நான் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று வாரியத்தில் மீதி ஆறு பேரும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள் அல்லவா, வெர்லின் போய் உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே மூடுவதற்குக் கையைத் தூக்கிவிட்டான், நாலுக்கு மூன்று. நம் ஊர்ப் பள்ளியை மூடுகிறார்கள். வருகிற இலையுதிர் காலத்திலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகள்கூட முப்பது மைல் பஸ்ஸில் போகவேண்டும், அதுவும் நம் பனியில். வெர்லின் கெட்டவன் இல்லை, வரி கட்டி மாளவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் நின்றான். இருபத்திரண்டு வருஷம் நான் சமைத்துப் போட்ட அந்தச் சமையலறையின் பாத்திரங்களைப் போன வாரம் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நான் காரை நிறுத்தவில்லை, நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னதே பக்கத்துப் பண்ணை ஜனெல்தான். மூன்று குழந்தைகள், கடைசி கைக்குழந்தை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு வீடு வீடாக வந்தாள். நான் வாசலில் நின்று உங்களுக்குத் தோணினா போடுங்க, கட்டாயமில்லே என்று ஆரம்பிப்பேன். அவள் திரும்பி வரும்போது, ஆர்டிஸ், நீங்க கேக்கற அழகுக்கு உங்க வீட்டு நாய்கூட ஓட்டுப் போடாது என்று திட்டுவாள். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அவளே அடுத்த வீட்டில் பேசுவாள், பள்ளி போச்சுன்னா நாங்க ஊரைவிட்டே போகணும், எம் பிள்ளைங்க இருட்டுல கிளம்பி இருட்டுல வர முடியாது என்பாள். சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

தோற்றபிறகு ஊரில் ஒரே பேச்சு, விழாமல் போன அந்த ஒரு ஓட்டு யாருடையது, அது விழுந்திருந்தால் சமமாவது ஆகியிருக்குமே என்று. கடைசியில் ஏனோக்கின் தலையில் விழுந்தது. வடக்கே தனியாகப் பண்ணை வைத்திருக்கும் கிழவன்தான், உனக்கு நினைவிருக்கும். அன்று காலை அவன் பழைய வண்டி கிளம்பவில்லை, யாரையாவது கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது ஜனெல் எல்லார் முன்னாலும், ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே, உங்க ஒருத்தராலதான் என்று சொல்லி அழுதுவிட்டாள். அவன் என்னிடம் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை மன்னிச்சிருங்க ஆர்டிஸ் என்றான். நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று மன்னிக்கிறவள் மாதிரி சொன்னேன், கேரின். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ஆயிற்று, அவன் கோவிலுக்கு வரவில்லை. வாரத்தில் அவன் மனுஷ முகம் பார்க்கிறதே அங்கேதான்.

அந்த ஓட்டு ஏனோக்குடையது இல்லை, என்னுடையது. தேர்தல் அன்று கோவில் கீழ்த்தளத்தில் ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் நின்றேன். இரண்டே பெயர்கள். என் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைப் பார்த்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. தனக்குத் தானே போட்டுக்கொள்வதா, அவ்வளவு வெட்கம் கெட்டவளா நான் என்று தோன்றிற்று. நாம் அப்படி வளரவில்லை, உன்னையும் நான் அப்படி வளர்க்கவில்லை. எப்படியும் எனக்கு நாற்பது ஓட்டு கூடுதலாக வரும் என்று ஜனெல் கணக்குச் சொல்லியிருந்தாள். மார்ச்சில் அப்பா முதுகு பிடித்துப் படுத்திருந்தபோது நம் வாசல் பனியைக் கேட்காமலே வந்து தள்ளிவிட்டுப் போனவன் வெர்லின். அவனுக்கு ஒன்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்று போட்டுவிட்டேன். வெளியே வந்தபோது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை. வெர்லினை அப்புறம் கடையில் பார்த்தபோது அவன், நான் எனக்குத்தான் போட்டேன், பின்னே யாருக்குப் போடுவாங்க என்று சிரித்தான். அவன் செய்ததில் தப்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஏனோக் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இதை வெளியே சொல்லாதீங்க, ஊருக்கு என்னைத் திட்டிப் பழகிப்போச்சு, உங்களைத் திட்டினா அவங்களுக்கே கஷ்டமா இருக்கும் என்றான். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா. நேற்று ஜனெல் வீட்டுக்குப் போனேன். அவள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அவள் புருஷனுக்கு டவுனில் தானியக் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் போகிறார்கள். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்க்காமலே இன்னும் இரண்டு தட்டைச் சுற்றினாள். பிறகு, காப்பி போடட்டுமா ஆர்டிஸ் என்று கேட்டாள். ஐயோ உனக்கு எதுக்கு சிரமம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, போட்டுத் தரேன், உட்காருங்க என்றாள். வேணாம்மா, வேலையா இருக்கே என்றேன். இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் கேட்டபிறகுதானே நாம் உட்காருவோம், அவளுக்கும் அது தெரியாததில்லை. நின்றபடியே காத்திருந்தேன். மூன்றாம் தரம் அவள் கேட்கவில்லை. சரி, நான் வரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் இன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்ததும் நானே சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துப்போய் ஏனோக்கைக் கோவிலுக்கு அழைத்து வருவதாகவும் இருக்கிறேன், யார் எங்களோடு உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சரி. உனக்கும் டேவிடுக்கும் கர்த்தர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும், உங்கள் வீட்டில் சமாதானம் நிலைத்திருக்கட்டும். காலையில் சாப்பிடு. ஞாயிறன்று கூப்பிடும்போது முதலில் அப்பாவிடம் பேசு, கோதுமையைப் பற்றிக் கேள், ஓட்டுப் பேச்சை நீயாக எடுக்காதே. அவராக எடுத்தால் அம்மா ரொம்ப வருத்தப்படுகிறாள் என்று மட்டும் சொல், என் வாயால் அதை அவரிடம் சொல்லிக்கொள்ள எனக்கு வராது.

உன் அன்பு அம்மா,
ஆர்டிஸ்