ஓட்டக்காரரின் படம் போட்ட ரீசேட்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை

கனடாவில் இருந்து மகன் அனுப்பின ரீசேட்டை இண்டைக்குப் போட்டன். நல்ல தடிச்ச பருத்தித் துணி. தர்மபுரத்து வெயிலுக்கு உடம்பு அவிஞ்சு போச்சு. நெஞ்சு முழுக்க நூறு மீற்றர் ஓடினவையின்ர படம், அந்தக் காலத்து ஆக்களில இருந்து இப்பத்தை ஆக்கள் வரைக்கும். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி பாக்கப் போனன்.

"அண்ணை, இதில நீங்கள் எங்க?" எண்டு கடைக்காரச் செல்வம் கேட்டான்.

"நான் இன்னும் ஓடி வந்து சேரேல்லையடா" எண்டன்.

பெற்றோர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டினம். ஓடிற படமொண்டு எடுத்து மகனுக்கு அனுப்ப ஆசை. செருப்பைக் கழட்டிப்போட்டு கோட்டில போய் நிண்டன். பேர் எழுத ஒரு புது ரீச்சர் வந்தா.

"ஐயா, உங்கட பிள்ளை எந்த வகுப்பு?"

"அவன் வகுப்பேறி வகுப்பேறிக் கனடா வரைக்கும் போயிட்டான் ரீச்சர்."

எல்லாரும் சிரிச்சினம். அவாவும் சிரிச்சுப்போட்டு, "இது இப்ப படிக்கிற பிள்ளையளின்ர பெற்றோருக்குத்தான் ஐயா" எண்டா. நானும் சிரிச்சபடி கோட்டை விட்டு வெளிய வந்தன். அவா சொன்னதில பிழை ஒண்டும் இல்லை.

பின்னேரம் மகன் போன் எடுத்தான். ரீசேட்டோட விளையாட்டுப் போட்டிக்குப் போறன் எண்டு காலமை அவனுக்குச் சொல்லியிருந்தன். "ஓடினனீங்களோ அப்பா?"

"ஓம், ரெண்டாவது." முதலாவது எண்டால் நம்பமாட்டான்.

"அப்ப ஆர் முதலாவது?"

"லைன் சரியில்லை மோனை" எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன். என்ர மனுசி உயிரோட இருந்திருந்தா, பக்கத்தில நிண்டு முதலாவதுக்கு ஒரு பேர் எடுத்துத் தந்திருப்பா.