கேஜிஎஃப் டிரைவர் என்ற பெயரில் நீ எழுதியது

இன்று காலை புது பிரேக் ஆயில் டின்னைத் திறந்தேன். மூடியைத் திருகியதும் அந்த லேசான மீன் வாடை வந்தது. வண்டிக்கு அடியில் போய்ப் படுக்க இப்போது என் முதுகு விடுவதில்லை. பங்காரப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பழைய ஆயிலை இறக்கினார். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துக் கொடுத்தேன். "மிதிங்க, புடிங்க, உடுங்க" என்று அவர் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உன் நினைவாகவே இருந்தது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. எனக்குத்தான் எழுத வராதே. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள்.

கோலார் தங்கவயலில், கோரமண்டல் லைனில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீ பள்ளிக்கூடம் போனாய், நான் மைன் லாரிக்குக் கிளீனராகப் போனேன். நீ படித்து மெஷின் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் ஆனாய். நான் நந்திதுர்க் மைன் ஆபீசர்களுக்குக் கார் ஓட்டினேன். மைன் மூடியபின் ஏலத்தில் விட்ட அவர்களுடைய அம்பாசடரையே எடுத்து வாடகைக்கு ஓட்டினேன். உனக்குக் கடைசிவரை கார் ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் உன் காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பாய்.

ரிடையர் ஆனதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, உன் வீட்டுப் புத்தர் படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தாய். அந்தச் சமயம் என் வண்டியின் பின்கதவில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி உடைந்துபோய், பெங்களூரு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. "இருப்பா, இதுல கேட்டுப் பாக்கலாம்" என்றாய். பழைய கார் வைத்திருப்பவர்கள் தமிழில் எழுதிப் பேசிக்கொள்ளும் ஒரு க்ளப் அதில் இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி நீதான் விளக்கினாய். ஷிஃப்ட் ஆபீஸ் நோட்டீஸ் போர்டு மாதிரியாம். ஒருத்தர் கேள்வியை ஒட்டுவார், அதன் கீழே மற்றவர்கள் வரிசையாகப் பதிலை ஒட்டுவார்கள், எத்தனை வருஷமானாலும் யாரும் கிழிக்க மாட்டார்கள். நாலாம் நாள் மதுரையிலிருந்து கைப்பிடி பார்சலில் வந்து சேர்ந்தது.

அதோடு விட்டிருப்போம். ஆனால் நீ சும்மா இருக்காமல் அதிலிருந்த மற்ற கேள்விகளையும் படித்துக் காட்டினாய். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்று ஒருவர் நாலு நாளாகப் புலம்பியிருந்தார், பதினாறு பேர் பதினாறு விதமாகச் சொல்லியிருந்தார்கள். நான் சிரித்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரம் துடைக்கச் சொல் என்றேன். இரண்டு விரலால் நீ அதைத் தட்டினாய். மறுநாள் அந்த ஆள் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அன்றைக்கே எனக்கு 'கேஜிஎஃப் டிரைவர்' என்று ஒரு பெயர் போட்டுக் கொடுத்தாய். "பேரு உன்னுது, வெரலு என்னுது" என்றாய்.

அதன்பின் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் வீடு. நீ படிப்பாய், நான் சொல்வேன், நீ தட்டுவாய். கோயம்புத்தூர், நாகர்கோவில், துபாய் என்று எங்கெங்கிருந்தோ பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் என்னிடம் சந்தேகம் கேட்டார்கள். எனக்குக் கையெழுத்துகூட வராது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. அது பெருமையாகவும் இருந்தது, யாராவது நேரில் வந்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

சேலத்துக்காரர் விஷயம் உனக்கு மறந்திருக்காது. ஏற்காட்டுக்குப் போய்த் திரும்பும்போது அவர் வண்டி பிரேக் பிடிக்காமல் சுவரில் இடித்தது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் கால் இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருந்தார். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் இறங்கியதாகவும், பாதி மலையில் பெடல் தரையைத் தொட்டுவிட்டதாகவும், இனி அவள் நடப்பாளா என்று டாக்டரே சொல்ல மாட்டேன் என்கிறார் என்றும் நீ படித்துக்கொண்டே போனாய். கடைசி வரியில் உன் குரல் இறங்கிப்போயிற்று. 'என் மேல் தப்பா? யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நியூட்ரலில் மலை இறங்குகிறவனைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

"எழுதுபா. பெட்ரோல மிச்சம் புடிச்சே, பொண்டாட்டி கால ஒடைச்சே. உன் மேலதான் தப்பு. இனிமே நீ ஸ்டீரிங்க தொடாதே. அவ்ளோதான், எழுது."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு தட்ட ஆரம்பித்தாய். மூன்று வரிக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"போயிடுச்சா?"

"போயிடுச்சுபா."

அதற்குப்பின் சேலத்துக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு வாரம் போனதும் நான் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் இதையா சொல்வார்கள்? உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவர் வந்தாரா என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவாய். அவர் வண்டியை விற்றிருப்பார், அந்த அம்மா அவரை விட்டுப் போயிருப்பார், இல்லை அவரே தன்னை ஏதாவது செய்துகொண்டிருப்பார் என்று என் புத்தி எங்கெங்கோ போயிற்று. ஒருநாள் தாங்காமல் உன் மேலேயே பாய்ந்தேன்.

"நான்தான் முட்டாள். நீ படிச்சவன்தானே? தடுத்திருக்கக் கூடாதா?"

நீ கீ போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் ஒரு மாசம் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தேன், பழையபடி உட்கார்ந்தோம், ஆனால் அவர் பேச்சை நாம் எடுக்கவே இல்லை.

வருஷம் போகப் போக அந்த நோட்டீஸ் போர்டில் ஆள் குறைந்தது. எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள் என்றாய். அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாய்: "ஒருத்தன் வண்டிய கழுவி நிக்க வெச்சு போட்டோ போடறான், நூறு பேரு கட்டவெரலு காட்டறான். உள்ளே இன்னா கோளாறுன்னு ஒருத்தனாவது கேக்கறானா?" கடைசிக் காலத்தில் வாரம் ஒரு கேள்வி வந்தால் அதிகம். நீ கண்ணை மூடிய பிறகு எனக்கு அதுவும் இல்லை. கம்ப்யூட்டரை உன் பிள்ளை எடுத்துப் போய்விட்டான். இருந்தாலும் என்ன, என்னால் படிக்க முடியுமா?

போன மாசம் மைசூர் மைன்ஸ் பக்கம், மைன் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு பழைய கார்கள் வரிசையாக வந்து நின்றன. பெங்களூரிலிருந்து அதே க்ளப்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை என்று ஊர் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஹேமா என்று ஒரு அம்மா, பேங்கில் வேலை செய்கிறவர், தன் அப்பாவின் வண்டியை ஓட்டி வந்திருந்தார். டீக்கடையில் கேஜிஎஃப் டிரைவர் யார் என்று விசாரித்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இத்தனை வருஷம் பயந்தது நடந்தே விட்டது.

"எழுதறத ஏன் சார் விட்டுட்டீங்க? எல்லாரும் உங்களக் கேக்கறாங்க" என்றார்.

இனி எதை மறைப்பது? "எழுதினவரு போயிட்டாருமா. எனக்குப் படிக்க வராது" என்றேன். சொல்லி முடித்ததும் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இப்போது க்ளப் முழுக்க வாட்சாப்பில்தான் இருக்கிறது, அங்கே யாரும் எழுதுவதே இல்லை, மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள் என்று சொல்லி என் போனிலேயே சேர்த்துவிட்டார். படித்தவர்களுக்கெல்லாம் எழுதச் சோம்பல் வந்துவிட்டது. அந்தச் சோம்பலில் நானும் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டேன். ஒரு விதத்தில் அது ஷிஃப்ட் முடிந்த நேரத்து டீக்கடை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், காலையில் சொன்னது சாயங்காலம் எங்கே போயிற்றென்று தெரியாது. நீ இருந்தால் திட்டியிருப்பாய். எனக்கு அப்பாடா என்று இருக்கிறது.

கிளம்பும்போது ஹேமா இன்னொன்றும் சொன்னார். பழைய நோட்டீஸ் போர்டை மாசக் கடைசியில் மூடப்போகிறார்களாம், அதற்குள் முக்கியமானதை எடுத்து வைக்கிறார்களாம். "உங்களோடது நெறைய இருக்கு சார், படிக்கட்டுமா?" வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு. சேலத்துக்காரருக்கு எழுதினதைப் படிம்மா என்றேன்.

தேடி எடுத்துப் படித்தார். "ஐயா, பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேரும். சூடு ஏறினால் அது கொதித்துப் பெடல் கீழே போய்விடும். பல பேருக்கு இது தெரியாது. வண்டியைச் சுவரில் உரசி நிறுத்தினீர்களே, அதனால்தான் இன்றைக்கு இரண்டு பேரும் இருக்கிறீர்கள். இப்போது வண்டியைப் பற்றி யோசிக்காதீர்கள். அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். இப்படிக்கு, கேஜிஎஃப் டிரைவர்."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையும்.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை மாற்றிய நீ இன்னும் எதையெல்லாம் மாற்றினாய்? என் பெயரில் வேறு யாரோ அல்லவா இத்தனை வருஷம் பேசியிருக்கிறான்? ஹேமாவை உட்காரவைத்து வரிசையாகப் படிக்கச் சொன்னேன். பாவம், ஒன்றரை மணி நேரம் படித்தார். கார்புரேட்டர், கிளட்ச், ரேடியேட்டர், எல்லாம் நான் சொன்னது சொன்னபடி. 'இன்னா' என்று சொன்னது 'இன்னா' என்றே இருந்தது. திருச்சிக்காரரை நான் மரமண்டை என்று சொன்னதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாய், அதற்கு அவர் பதிலுக்கு என்னைத் திட்டியதும் இருந்தது. மாற்றியது அந்த ஒன்றை மட்டும்.

அதிலிருந்து பத்து நாள் தள்ளி இன்னொன்று. யார் கேள்விக்கும் பதிலாக அல்ல, எல்லோருக்கும் பொதுவாக: மலை இறங்கும்போது நியூட்ரலில் இறங்காதீர்கள், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அதுவும் என் வார்த்தைதான். ஒருநாள் "மலை எறங்கறதப் பத்தி நாலு வார்த்த சொல்லுபா" என்று நீ கேட்டதும், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறாய் என்று நான் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் உன்மேல் பாய்ந்த அன்றைக்கு, நான் அதை எழுதவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு அன்றிரவே நிம்மதி. ஆனால் மறுநாளிலிருந்து நான் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் உன் முகத்தைப் பார்த்திருப்பேன், சரியாக எழுதுகிறாயா என்று. படிக்கத் தெரியாதவன் எழுதிக்கொடுப்பவனை ஒருதரம் சந்தேகப்பட்டால் அப்புறம் சேர்ந்து உட்கார முடியாது. அதனால்தான் திட்டு வாங்கிக்கொண்டு இருந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அந்த ஒரு மாசம் நான் வராமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்.

சேலத்துக்காரரும் இப்போது வாட்சாப்பில் இருக்கிறார். ஹேமாதான் சொன்னார். அந்தக் காலத்தில் மனைவியைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருந்ததாம், அதனால்தான் எழுதவில்லையாம். என் குரலைக் கேட்டதும் அவரே பேசி அனுப்பினார். "அண்ணா, அப்புறமா நீங்க கியரப் பத்திப் போட்டதப் படிச்சுத்தான் எனக்கு என் தப்பு புரிஞ்சுது. ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரில அத மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா நான் தாங்கியிருக்க மாட்டேன். தெரிஞ்சுதானே அன்னைக்குச் சொல்லாம விட்டீங்க?"

அந்த நல்ல பெயரை நான் வைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மைக்கை அழுத்தினேன். "இல்லீங்க. நான் அன்னைக்கே சொன்னேன், ரொம்பக் கேவலமா சொன்னேன். எழுதினது என் சிநேகிதரு. அவருதான் அத அனுப்பல."

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு பெண்குரல். "அண்ணா, நான் அவங்க வீட்டுக்காரிங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா நான் அவரச் சொன்ன அளவுக்கு இருக்காதுங்க. அந்தக் காலோடவே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்." பின்னால் அவர் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். இதுதான் நான் உனக்குச் சொல்ல நினைத்த சேதி. அந்த அம்மா நடக்கிறாள்.

இப்போது என் குரலுக்கும் ஊருக்கும் நடுவில் யாரும் இல்லை. விரலை எடுத்தால் போய்விடுகிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் ஓசூர்க்காரர் ஒருவர், ஹேண்ட் பிரேக் போடாமல் மேட்டில் வண்டியை விட்டுப் போய், அது உருண்டு பக்கத்து வீட்டு கேட்டில் மோதிவிட்டது என்று பேசியிருந்தார். யாருக்கும் அடி படவில்லையே என்று மட்டும் கேட்டேன். மற்றது எல்லாம் வாய்க்குள்ளேயே இருக்கிறது, நல்ல காரமாக. நீ பத்து நாள் பொறுத்தாய், எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.