காய்ச்சி வடித்த தண்ணீர்

தோஹா

அன்பு சல்வா,

நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கொன்றுமில்லை, பயப்படாதே.

தூக்கத்தில் மூச்சு நிற்பதற்குக் கொடுத்த, முகமூடி வழியே காற்று ஊதும் இயந்திரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன். "இதோட தொட்டியில காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும்" என்றார் டாக்டர். நம் ஊர் நபூலில் நீ வடித்துக் கொடுத்த ஆரஞ்சுப்பூத் தண்ணீரை ஊற்றிவிட்டேன்! அறையே நம்மூர்க் கல்யாண வீடாய் மணக்க, அறைத்தோழன் லுத்ஃபி எழுந்து, "யோவ் மோங்கி, இங்க யாருக்குய்யா கல்யாணம்?" என்று கத்தினான். டாக்டரிடமும் திட்டு வாங்கினேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக மாட்டினால்தான் மறுபடி பேருந்து ஓட்டலாம். அதுவரை பேருந்து கழுவும் வேலை. ஆனால் ஒரு மணி நேரத்தில் முகமூடியைப் பிய்த்தெறிகிறேன்.

கன்னத்தில் வார் அறுக்கிறது, மெல்லிய துணி அனுப்பு. ஆரஞ்சுப்பூத் தண்ணீரும் ஒரு புட்டி, தலையணையில் தெளிக்கத்தான்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. வீட்டில் மூச்சு நின்றால் நீ முழங்கையால் இடித்து, "திரும்பிப் படுய்யா!" என்பாய். இந்த இயந்திரம் சும்மா ஊதுகிறது. ஒரு தடவைகூடத் திட்டவில்லை.

உன் மோங்கி