தடித்த எழுத்தில் 1:320

12 ஜூன் 2024

சாரல் விழுந்துவிட்டது. அருவியில் தண்ணீர் என்றதும் சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு ஜூன் மாதம் வீடு சொந்தமில்லை. இன்று பதினொரு பேர். ஆண்கள் குளித்து வந்ததும் தேடுவது என் வீட்டுக்காரருடைய ராணுவக் கேன்டீன் ரம் பாட்டிலை. இவர் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. பாட்டிலுக்கு ஓய்வில்லை.

நாத்தனார் என்னைப் பார்த்து, "என்னட்டி சங்கரி, கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்கு?" என்றாள்.

15 ஜூன்

ரத்தம் பார்த்தாயிற்று. எஸ்ஜிபிடி 640. நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். கல்லீரல்.

இவர் தாளைப் பார்த்து வெளுத்துப்போனார். "குடிக்கது நானு. லிவரு போறது உனக்கா?"

எனக்கும் அதே கேள்விதான்.

22 ஜூன்

திருநெல்வேலி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சோதனைகள் வந்தன. காமாலைக் கிருமி எதுவும் இல்லை. ஆனால் ஏதோ ஆன்டிபாடி, பாசிட்டிவ், 1:320 — தடித்த எழுத்தில்.

ஆறாம் வகுப்புக்கு விகிதம் நடத்துகிறவள் நான். இது எதற்கும் எதற்கும் விகிதம்? லேபில் எப்சிபாவிடம் கேட்டேன். "உங்க ரத்தத்துல முந்நூத்தி இருபது பங்குக்குத் தண்ணி கலந்து பாத்தோம் டீச்சர். அப்பவும் அது தெரியுது." தண்ணீர் கலக்கும் கணக்கை இவரிடமே கேட்டிருக்கலாம்.

இவர் டீ குடிக்கப் போனபோது டாக்டரம்மா விளக்கினார். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் கல்லீரலை வேற்றாள் என்று நினைத்து அடிக்கிறதாம். அதற்கு இந்த ஆன்டிபாடி ஓர் அடையாளமாம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். விட்டால் கல்லீரல் தழும்பாகிச் சுருங்கிவிடும். பயமாக இருக்கிறது.

23 ஜூன்

இவருடைய பட்டாளத்துக் கூட்டாளி தாணு அண்ணாச்சி ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பது போலப் பார்த்தார். தீர்ப்பும் சொன்னார்: "பதினெட்டு வருசமா உன் வாடையை மோந்துருக்கால்லா ராஜா. அதான் அவளுக்கு ஏறிட்டு."

இவர் நம்பிவிட்டார்! இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

25 ஜூன், செவ்வாய்

இவர் பண்பொழி மலைக் கோயிலுக்கு ரிப்போர்ட்டையே எடுத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது தாளெல்லாம் திருநீறு. "இந்த நம்பரு எறங்குத வரைக்கும் பாட்டிலத் தொடமாட்டேன்னு முருகன்ட்ட சொல்லிட்டேன்" என்று 1:320-ஐக் காட்டினார்.

"ஏன் இதை?"

"தடிச்ச எழுத்துல போட்டிருக்கதுதானட்டி முக்கியம்?"

4 ஜூலை

விலா வழியாக ஊசி விட்டுக் கல்லீரலில் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். இனி ஸ்டீராய்டு மாத்திரை.

18 ஆகஸ்ட்

முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. ஊரில் எல்லாரும், "டீச்சர் இப்பத்தான் நல்லா தெளிச்சியா இருக்கீங்க" என்கிறார்கள்.

சீசன் முடியவில்லை, வீட்டில் ஒரு விருந்தாளி இல்லை. பாட்டில் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்?

9 அக்டோபர்

எஸ்ஜிபிடி 58. இவர் சந்தோஷத்தில் என்னைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அந்தத் தடிச்ச நம்பரு எங்க?" என்றார். அதைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லையாம் என்றேன். முகம் தொங்கிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. நான் நல்லாயிட்டா இவரு குடிப்பாரு. மூன்றரை மாதமாக வீட்டில் சத்தமில்லை, கைநடுக்கமில்லை, ராத்திரிச் சாப்பாட்டை ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம். இதெல்லாம் என் நோயின் தயவா? கடவுளே.

10 அக்டோபர்

காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். போடாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன்தான், எழுதிவிடுகிறேன். பிறகு வெட்கமாக இருந்தது. விழுங்கினேன்.

11 அக்டோபர்

உண்மையைச் சொல்லிவிட்டேன். வாடையும் இல்லை, நீங்களும் இல்லை, என் உடம்புதான் என்று.

"என்னைத் தேத்துததுக்குச் சொல்லுதே" என்று அழுதார். என்ன மனுசன்டா சாமி.

20 பிப்ரவரி 2025

திருநெல்வேலி. எஸ்ஜிபிடி 26. மற்ற எல்லாமும் சரி. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் அடம்பிடித்து அந்தச் சோதனையையும் எடுக்க வைத்திருந்தார். தாளைப் புரட்டிப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார். 1:320. ஒரு புள்ளி நகரவில்லை.

"நான்தான் வேண்டாம்னேனே சார். நோய் அடங்கினாலும் இது சில பேருக்கு ஆயுசுக்கும் இப்படியே இருக்கும். ஒண்ணும் செய்யாது."

"ஆயுசுக்குமா டாக்டர்?" இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா என் கையைத் தொட்டு, "இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்மா" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

பஸ்ஸில் ஆலங்குளம் வரை இவர் ரிப்போர்ட்டையே புரட்டிக்கொண்டு வந்தார். அப்புறம், "முருகன்ட்ட அந்த 640-ஐச் சொல்லியிருக்கலாம் என்னட்டி?" என்றார்.

சொல்லியிருக்கலாம் என்றேன்.

ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி என் கையில் வைத்தார்.